விசிறி கடைசியில்தான்: கார் ஆம்ப் சூடாகி அணையாமலிருக்க

அரை மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டு, மந்தைவெளி சிக்னலில் நிற்கும்போது பேஸ் மட்டும் நின்றுபோகும். டிக்கியைத் திறந்து பார்த்தால் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேலே கை வைக்க முடியாது. கத்திரி வெயில் நாட்களில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளுக்கு இந்தப் புகாரோடு போகிறவர்களுக்குச் சட்டென்று கிடைக்கும் மருந்து, ஒரு விசிறி. அண்ணா சாலையைத் தாண்டி ரிச்சி தெருவுக்கு நடந்தால் கம்ப்யூட்டரில் போடும் 12 வோல்ட் விசிறி மலிவாகவே கிடைக்கும். மாட்டியதும் கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு ஒருநாள் சிவப்பு விளக்குகூட எரியாது.

விசிறியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறந்த சூட்டை அது வெளியே தள்ளும். அவ்வளவு சூடு ஏன் பிறக்கிறது என்பது அதன் கவலை இல்லை. ஆம்பைக் கொல்லும் காரணங்கள் பெரும்பாலும் பொருத்திய அன்றே உள்ளே வந்துவிடுகின்றன: ஓம் கணக்குத் தப்பிய ஸ்பீக்கர் இணைப்பு, எல்லை மீறிய கெயின், மெலிந்த ஒயர். வெயில் வந்ததும் இந்தத் தவறுகளைத் தாங்க இருந்த கொஞ்ச இடமும் போய்விடுகிறது.

அந்த இடம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வில், 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களுக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸையும் டேஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டியிருந்தன. நிழலில் நின்ற கார்களுக்குள் சுமார் 38 டிகிரிதான். சென்னைக்கு இது அந்நியமான வெயில் இல்லை. நுங்கம்பாக்கம் வானிலை நிலையம் 2003 மே 31 அன்று 45 டிகிரியைப் பதிவு செய்திருக்கிறது. ஓடும் ஆம்ப் சுற்றியிருக்கும் காற்றைவிட 35 டிகிரி கூடுதலாகச் சூடாகும் என்று வைத்துக்கொள்வோம். ஏசி போட்டு 25 டிகிரிக்கு இறக்கிய காரில் அது 60ல் நிற்கும். பாண்டி பஜார் பக்கம் இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்து அப்போதுதான் கிளம்பிய காரில் 82ஐத் தொடும். பெரும்பாலான ஆம்புகள் 80, 85 டிகிரி வாக்கில் தாமாகவே அணைந்துகொள்ளும்படி செய்யப்பட்டவை. அதே ஆம்ப், அதே பாட்டுதான்.

அணையாவிட்டாலும் சூடு சும்மா விடாது. ஆம்பின் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடக் கூட ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு.

எப்போது அணைகிறது?

ஸ்பேனரை எடுக்கும் முன் கவனிக்க வேண்டியது இது. இருபது நிமிடமோ அரை மணியோ பாடி, அணைந்து, ஆறியதும் தானாகத் திரும்ப வந்தால் சூடுதான் காரணம். ஆன் செய்த நொடியிலேயே சிவப்பு விளக்கு வந்தால் சூட்டைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கோ ஷார்ட், அல்லது ஆம்பே பழுது. பலத்த பேஸ் விழும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் துண்டித்துத் துண்டித்துப் பாடினால், வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம்.

சூட்டைக் கையால் மதிப்பிடலாம். ஐந்து விநாடி உள்ளங்கையை வைத்திருக்க முடிந்தால் 50 டிகிரியை ஒட்டி இருக்கிறது, கவலை வேண்டாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகப் பிடித்தால் அது குறைத்துக் காட்டி ஏமாற்றும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும்.

பெட்டியில் இருப்பதும் ஃபியூஸ் சொல்வதும்

அட்டைப் பெட்டியில் 2000 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இரண்டு 25 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் மொத்தம் 50 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போதுள்ள 13.8 வோல்டால் பெருக்கினால் உள்ளே போகக்கூடியது 690 வாட். அது கிளாஸ் ஏபி ஆம்பாக இருந்தால் அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான் ஸ்பீக்கருக்குப் போகும். மீதி அத்தனையும் சூடு. கிளாஸ் டி ஆம்பில் 80 சதவீதமும் அதற்கு மேலும் பாட்டாக வெளியேறும். 500 வாட் வெளியே தர கிளாஸ் ஏபி ஏறக்குறைய 500 வாட்டைச் சூடாகக் கக்கும்போது, கிளாஸ் டி 125 வாட்டோடு நிறுத்திக்கொள்கிறது. சப்வூஃபருக்குப் புதிதாக ஆம்ப் வாங்குகிறவர் சென்னையில் கிளாஸ் ஏபியைத் தேடிப் போக எந்தக் காரணமும் இல்லை.

கிளாஸ் ஏபி வைத்திருப்பவர்களுக்கு வியப்பான இன்னொரு செய்தி உண்டு. அந்த ஆம்ப் மிக அதிகமாகச் சூடாவது முழுச் சத்தத்தில் அல்ல, முழுத் திறனில் ஏறக்குறைய 40 சதவீதத்தில். ‘சத்தமாக வைப்பதே இல்லை, ஆனாலும் சூடாகிறது’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பாட்டின் ரகமும் கணக்கில் சேரும். பழைய பதிவுகளில் தாளத்துக்கும் தாளத்துக்கும் நடுவே சத்தம் தணிந்து எழும். இன்றைய குத்துப் பாட்டுகள் பலவற்றில் ஒலிப்பதிவின்போதே எல்லாம் ஒரே மட்டத்துக்கு உயர்த்தப்பட்டிருக்கும். வால்யூம் எண் ஒன்றாகவே இருந்தாலும் ஆம்புக்கு மூச்சுவிட நேரம் குறைவு.

ஓம் பார்ப்பது

தேவை ஒரு மல்டிமீட்டர் மட்டும். ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் ஒயர்களை அதிலிருந்து கழற்றி, ஒவ்வொரு ஜோடியின் ஓமையும் அளக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.7 வரை காட்டும், 2 ஓம் என்றால் 1.6 முதல் 1.9. மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, ஸ்பீக்கர் ஒயருக்கும் காரின் பாடிக்கும் நடுவே அளந்தால் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. கதவுக் கீலில் நசுங்கிய ஒயர் அங்கேதான் பிடிபடும்.

அடிக்கடி நடக்கும் தவறு இது: 4+4 ஓம் இரட்டைக் காயில் உள்ள சப்வூஃபர் ஒன்றை வாங்குகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு நான்கு சேனல் ஆம்ப். அதன் இரண்டு சேனல்களைப் பிரிட்ஜ் செய்து, ஊஃபரின் இரண்டு காயில்களையும் பேரலலாகச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பேரலலில் 4+4 என்பது 2 ஓம். பிரிட்ஜ் செய்த ஆம்பில் ஒவ்வொரு சேனலும் பார்ப்பது அதில் பாதி, 1 ஓம். ஆம்பின் அடிப்பாகத்தில் ‘பிரிட்ஜ் செய்தால் குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருக்கும். யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. கடையில் போட்டுக் காட்டும்போது பேஸ் அதிரும், வாங்கியவர் முகம் மலரும். முதல் நீண்ட பயணத்தில் கதை முடிந்துவிடும்.

வழி இரண்டு. காயில்களை சீரிஸில் மாற்றி 8 ஓமாக்கினால் சத்தம் குறையும், ஆம்ப் பிழைக்கும். அல்லது 2 ஓமுக்கென்றே செய்த கிளாஸ் டி மோனோபிளாக் வாங்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

கெயின் வைப்பது

கெயின் என்பது இன்னொரு வால்யூம் அல்ல. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகாணி அது. முழுக்கத் திருப்பி வைத்தால் ஆம்பின் திறன் ஒரு வாட்கூட ஏறாது. எல்லையை முன்னதாகவே தொட்டு, அலையின் தலையை வெட்டத் தொடங்கும். தலை முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமான அலை, அதே உயரமுள்ள நல்ல அலையைவிட இரண்டு மடங்கு சக்தியைச் சுமக்கும். அந்தச் சுமை ஆம்பின் மேலும் ஸ்பீக்கர் காயிலின் மேலும் விழுகிறது.

சரியாக வைக்க அரை மணி நேரம் போதும். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றியே வைத்துக்கொண்டு, ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கும் வால்யூமை முக்கால் பங்குக்கும் கொண்டுவர வேண்டும். ஆம்பில் கெயினைக் கடைசி வரை குறைத்து, பேஸ் பூஸ்ட்டை அணைக்க வேண்டும். செல்போனில் தரவிறக்கிய டெஸ்ட் டோனைப் போடலாம்: சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கர்களுக்கு 300 ஹெர்ட்ஸ். மலிவு மீட்டர்கள் பலவும் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக அளக்காததால்தான் 300. மீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்துக்கொண்டு கெயினை மெல்ல ஏற்ற வேண்டும்.

எங்கே நிறுத்துவது? ஆம்பின் உண்மையான ஆர்எம்எஸ் வாட்டை ஓமால் பெருக்கி அதன் வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் நிறுத்த வேண்டிய வோல்ட். 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். 300 வாட், 2 ஓம் என்றால் 24.5. அதைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டு, திருகாணியின் நிலையைப் பேனாவால் குறித்து வைப்பது நல்லது. அடுத்த முறை கார் சர்வீஸுக்குப் போய் வரும்போது யாராவது திருப்பியிருப்பார்கள்.

பேஸ் பூஸ்ட் பொத்தானை நிரந்தரமாக மறந்துவிடலாம். 6 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த அலைவரிசையில் நான்கு மடங்கு வாட். 12 டெசிபல் என்றால் பதினாறு மடங்கு. கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் ஃபில்டர் போட்டால், அவற்றால் வாசிக்கவே முடியாத பேஸுக்காக ஆம்ப் உழைப்பதும் நிற்கும்.

ஒயர்

பேட்டரியிலிருந்து டிக்கிக்கு வரும் ஒயர் சுமார் 5 மீட்டர். அதில் 60 ஆம்பியர் ஓடினால் 4 கேஜ் செம்பு ஒயரில் கால் வோல்ட் இழப்பு, 8 கேஜ் செம்பில் 0.6 வோல்ட். அதே 8 கேஜ், செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருந்தால் ஏறக்குறைய 1 வோல்ட் போய்விடும். ‘ஆம்ப் கிட்’ என்று எல்லாம் சேர்த்து ஒரே பையில் விற்கும் மலிவு ஒயர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காக்க அல்ல, ஒயர் ஷார்ட்டாகிக் கார் தீப்பிடிக்காமல் காக்க.

எர்த் பக்கம்தான் சென்னை தனிக் கவனம் கேட்கிறது. பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகே லக்கை முடுக்க வேண்டும். சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர், திருவான்மியூர் வரை கடற்கரையை ஒட்டி நிற்கும் கார்களில் அந்த இடம் உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். முடுக்கியதற்கு மேல் கிரீஸைத் தடவி, வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்வது அவர்களுக்கு அவசியம். வசதியாக இருக்கிறதே என்று சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கிறவர்களும் உண்டு. அது உயிர் காக்கும் போல்ட், அதைத் தொடக்கூடாது.

சோதனை எளிது. இன்ஜினை ஐடிலில் விட்டு, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு, பேஸ் உள்ள பாட்டை வைத்து, பேட்டரியிலும் ஆம்பின் முனைகளிலும் வோல்டேஜை அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்டைத் தாண்டினால் ஒயரிலோ எர்த்திலோ குறை. இரண்டுமே 12க்குக் கீழே போனால் குறை பேட்டரியிலோ ஆல்டர்னேட்டரிலோ. உஸ்மான் சாலை நெரிசலில் ஊரும் சிறிய காரின் ஆல்டர்னேட்டர், தன் முழுத் திறனை ஐடிலில் தராது. மாருதி 2015ல் சியாஸில் கொண்டுவந்த எஸ்எச்விஎஸ் போன்ற அமைப்புள்ள கார்களில் சிக்னலில் இன்ஜினே நின்றுவிடும்; அப்போது மொத்தச் சுமையும் பேட்டரியின் தலையில்.

இதற்குத் தீர்வு என்று கடைகளில் நீட்டப்படும் பளபள 1 ஃபாரட் கெப்பாசிட்டரை வாங்குமுன் கணக்குப் பார்ப்பது நல்லது. 14 வோல்டிலிருந்து 12க்கு இறங்கும்போது அது தரக்கூடியது 26 ஜூல். 700 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு விநாடியில் 27ல் ஒரு பங்கு நேரத்துக்கு வரும். நெரிசலில் வால்யூமை நாலு புள்ளி குறைப்பது இலவசம்.

சபரிமலை, மேல்மருவத்தூர் பயணங்களுக்குப் பாட்டு செட் போட்டுக் கிளம்பும் பெரிய வண்டிகளுக்கு ஒரு சொல். பஸ்களில் பெரும்பாலும் 24 வோல்ட். கார் ஆம்ப் 12 வோல்டுக்கானது. இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொடுத்தால் ஒன்று வற்ற, மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகி இரண்டும் கெடும். ஆம்பின் ஆம்பியரைத் தாங்கும் 24க்கு 12 கன்வெர்ட்டர்தான் சரியான வழி.

வைக்கும் இடம், பிறகு விசிறி

ஆம்பைச் சுற்றி 5 சென்டிமீட்டராவது காற்றோட்டம் வேண்டும். தலைகீழாக மாட்டக்கூடாது, சூடு மேலே ஏற வழியில்லாமல் போகும். கார்ப்பெட்டுக்கு அடியிலோ, சாமான்கள் வந்து மூடும் டிக்கி ஓரத்திலோ வைக்கக்கூடாது. ஊஃபர் பெட்டியின் மேலேயே திருகுவது பார்வைக்கு அழகுதான். ஆனால் ஓயாத அதிர்வில் உள்ளே ஈயம் வைத்த இணைப்புகள் விடும். பின் சீட்டின் முதுகுப் பக்கம் ஒரு பலகையைப் பொருத்தி, ஹீட் சிங்க்கின் வரிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி மாட்டுவது நல்ல ஏற்பாடு.

முன் சீட்டின் அடி பலருக்குப் பிடித்த இடம். ஏசிக் காற்று கொஞ்சம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஏசியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் நம் ஊர்க் கார்களில் முதலில் ஊறுவது இடது முன் சீட்டின் கால் பக்கக் கார்ப்பெட். 2015 டிசம்பரில் அடையாறு கரை உடைத்துக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய கார்கள் எத்தனையோ. அடியில் இருக்கும் ஆம்ப் அதற்கு முன்பே மூழ்கிவிடும். அங்கேதான் வைப்பேன் என்பவர்கள் வலது சீட்டைத் தேர்ந்தெடுத்து, தரையிலிருந்து இரண்டு விரல் உயர்த்தி வைக்கலாம். நனைந்த ஆம்பை ‘வேலை செய்கிறதா’ என்று ஆன் செய்து பார்க்கவே கூடாது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை.

இத்தனையும் சரி பார்த்த பிறகும் சூடாகிறது என்றால், இப்போது விசிறி. 80 மி.மீ. அளவில் இரண்டு போதும். காற்று ஹீட் சிங்க் வரிகளின் ஊடே நீளவாக்கில் ஓட வேண்டும். மூடிய இடத்தில் வைத்தால் அதே வெந்த காற்றைத்தான் சுற்றிவிடும். ஸ்டீரியோவின் ரிமோட் ஒயரிலிருந்து நேராக விசிறிக்கு மின்சாரம் எடுப்பது பொதுவான தப்பு, அந்த ஒயர் அவ்வளவு சுமைக்கு ஆனதில்லை. ரிமோட் ஒயர் ஒரு 12 வோல்ட் ரிலேயை மட்டும் இயக்கட்டும், விசிறிக்கான மின்சாரம் தனி ஃபியூஸ் வழியாக வரட்டும். ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு. சூடானால் மட்டும் விசிறி ஓட வேண்டுமென்றால், 50 டிகிரியில் இணையும் கேஎஸ்டி 301 சுவிட்ச் ஒன்றை ஹீட் சிங்க்கில் ஏற்கெனவே இருக்கும் திருகில் பொருத்தி, விசிறிக்குப் போகும் ஒயரில் சேர்த்துவிடலாம். புதிதாகத் துளை போடக்கூடாது, மறுபக்கம் சர்க்யூட் போர்டு இருக்கும்.

வெயிலில் கிடந்த காரை எடுத்ததும் நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு தெரு ஓட்டி, உள்ளே இருக்கும் கொதிக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு ஏசி போடுவது, பாட்டைப் பத்து நிமிடம் அடக்கி வைப்பது: பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை இந்த இரண்டும்தான். வருடத்துக்கு இருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் வரிகளில் படிந்த புழுதியைத் தட்டிவிடலாம்.

ஏற்கெனவே எரிந்துவிட்டதென்றால், ஃபியூஸ் போட்டதும் மறுபடி போகிறதென்றால், பெரும்பாலும் பவர் சப்ளை பகுதியின் மாஸ்ஃபெட்கள் ஷார்ட்டாகியிருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது சர்க்யூட் போர்டையே கருக்கிவிடும். ரிச்சி தெருவில் பழுது பார்க்கக் கொடுக்கும்போது, போன ஒரு மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றாமல் அந்த வரிசை முழுவதையும் கேட் ரெசிஸ்டர்களோடு மாற்றச் சொல்ல வேண்டும். போலி மாஸ்ஃபெட்கள் சந்தையில் தாராளம் என்பதால் எங்கே வாங்கியது என்று கேட்டுக்கொள்ளலாம். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்துப் புதிதாகத் தடவி, டிரான்சிஸ்டர்களை ஹீட் சிங்க்கோடு அழுத்தும் பட்டைகளின் திருகுகளை முடுக்குவதும் அந்த வேலையில் அடங்கும். அனுபவமுள்ள மெக்கானிக் முதல் முறை ஆன் செய்யும்போது பாசிட்டிவ் ஒயரில் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராகக் கோர்த்திருப்பார். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் ஆம்ப் தேறிவிட்டது. பளிச்சென்று நின்று எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. காரில் மாட்டும்போது ஸ்பீக்கர் ஒயர்களைக் கடைசியில், ஒவ்வொன்றின் ஓமையும் மறுபடி அளந்த பிறகு, ஒவ்வொன்றாகச் செருக வேண்டும்.